வக்கீல்கிட்ட கேளுங்க: அக்கவுன்ட் லாக், பேருக்கு நோட்டீஸ், கல்யாண போட்டோ பஞ்சாயத்து

இந்த மாசம் வந்த மெயில், வாய்ஸ் மெசேஜ்ல முக்கால்வாசி போனையும் பேங்க்கையும் பத்தித்தான். மீதி எல்லாம் “என்னுதை எடுத்துட்டாங்க” ரகம். பேர், கடை பேர் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் போட்டிருக்கேன், பயப்படாதீங்க.

மேடம், திருநெல்வேலி டவுன்ல செல்போன் கடை வச்சிருக்கேன். ரெண்டு மாசம் முந்தி ஒரு பையன் வந்து 14,500 ரூவாக்கு போன் வாங்கிட்டு ஜிபே பண்ணிட்டுப் போனான். போன வாரம் பாத்தா கரண்ட் அக்கவுன்ட் மொத்தமா லாக். பேங்க்ல கேட்டா குஜராத் சைபர் போலீஸ் முடக்கச் சொல்லிருக்கு, அங்க பேசிக்கோங்கன்னு கைய விரிக்காங்க. உள்ள 3 லட்சத்துக்கு மேல கிடக்கு, சரக்கு எடுக்க முடியல, பசங்களுக்கு சம்பளம் போட முடியல. நான் என்ன தப்பு செஞ்சேன்?

நீங்க ஒரு தப்பும் செய்யல அண்ணாச்சி. நடந்தது இதுதான். குஜராத்ல யாரோ ஒருத்தர் பணத்தை ஏமாந்துட்டு சைபர் மோசடி புகார் நம்பர் 1930-க்கு போன் போட்டிருப்பாரு, அந்த புகார் ஒரே சிஸ்டத்துல எல்லா பேங்க்குக்கும் போகும், பணம் எந்த அக்கவுன்ட்ல இருந்து எதுக்குப் போச்சுன்னு ஒண்ணொண்ணா புடிச்சிட்டே வருவாங்க, அந்த சங்கிலியில மூணாவதோ நாலாவதோ கையா உங்க கடை வந்திருக்கும். திருடன் உங்ககிட்ட போன் வாங்குனது திருட்டுக் காசுல. சிஸ்டத்துக்கு அது கடையா கூட்டாளியான்னு தெரியாது, வந்த காசை நிறுத்து, அவ்வளவுதான். அவசரத்துக்கு இது தேவைதான், இல்லன்னா ஏமாந்தவருக்கு ஒரு பைசா திரும்பாது. ஆனா 14,500 ரூபாய்க்காக 3 லட்சத்தை பூட்டி வைக்கிறது அநியாயம், இதை நான் மட்டும் சொல்லல, சென்னை உயர் நீதிமன்றம் உட்பட பல கோர்ட்டுங்க சந்தேகப்படுற தொகையை மட்டும் நிறுத்துங்க, மொத்த அக்கவுன்ட்டையும் முடக்காதீங்கன்னு சொல்லிருக்கு.

முதல்ல பேங்க் மேனேஜர்கிட்ட வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்துல குடுங்க, சீல் போட்ட காப்பி வாங்குங்க. கேக்க வேண்டியது: புகார் நம்பர் என்ன, எந்த மாநிலம், எந்த ஸ்டேஷன், அந்த அதிகாரியோட மெயில் எது, எந்த தேதி வந்த எந்த தொகை மேல புகார். இதை பேங்க் உங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும், காரணமே சொல்லாம பூட்டி வைக்க முடியாது. அப்புறம் அந்த அதிகாரிக்கு மெயில் போடுங்க: போன் வித்த பில், அதுல இருக்கிற ஐஎம்ஈஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்), ஜிஎஸ்டி சர்டிபிகேட், அந்த போனை நீங்க டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட வாங்குன பில், அந்த நாள் சிசிடிவி இருந்தா அது. ரெண்டு மாசம் ஆச்சுன்னா சிசிடிவி அழிஞ்சிருக்கும், பரவால்ல, ஐஎம்ஈஐ போட்ட பில்லே பெரிய சாட்சி. இங்கதான் பல கடைக்காரங்க மாட்டிக்கிறாங்க, பில் போட்டா ஜிஎஸ்டி வரும்னு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துட்டு பின்னாடி போலீஸ்கிட்ட காட்ட ஒண்ணும் இல்லாம நிக்கிறாங்க. மெயில்ல “சர்ச்சையில இருக்கிற 14,500-ஐ நிறுத்தி வச்சுட்டு மீதியை விடுங்க”ன்னு தெளிவா கேளுங்க, முழுசா விடுங்கன்னு கேட்டா இழுப்பாங்க.

ஒரு மாசம் பாத்தும் பதில் இல்லன்னா கோர்ட்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 102-ன்னு சொன்னது 2024 ஜூலை 1-ல இருந்து புது சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 106-வது பிரிவு, அதுல போலீஸ் எதை முடக்குனாலும் மாஜிஸ்ட்ரேட்டுக்கு உடனே தெரியப்படுத்தணும்னு இருக்கு. நிறைய கேஸ்ல இது நடந்திருக்காது, உங்க வக்கீல் முதல்ல அதைத்தான் பாப்பாரு. உயர் நீதிமன்றத்துல ரிட் போடலாம், உங்களுக்கு மதுரை கிளை. இன்னொண்ணு, “குஜராத் இன்ஸ்பெக்டர் பேசுறேன், 10,000 அனுப்புனா ரிலீஸ் பண்றேன்”னு யாராச்சும் கூப்டா அனுப்பிடாதீங்க. முடங்குனவங்களையே தேடிப் புடிச்சு ஏமாத்துற கும்பல் தனியா இருக்கு.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகங்கை. கரண்ட் பில் கட்டல, இன்னைக்கு ராத்திரி பியூஸ் புடுங்கிருவோம்னு மெசேஜ் வந்துச்சு. அந்த நம்பர்ல பேசுனேன், ஒரு ஆப் போடச் சொன்னாங்க, போட்டேன். ஓடிபி யாருக்கும் சொல்லல. ஆனா 1,80,000 போயிருச்சு. பேங்க்ல “உங்க தப்பு”ன்னு சொல்லிட்டாங்க. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லங்க ஐயா. அந்த ஆப் உங்க ஸ்கிரீனை அப்படியே அவங்களுக்குக் காட்டும், ஓடிபியை நீங்க வாயால சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, அதனால “ஓடிபி சொல்லல”ங்கிற உங்க வாதத்தை பேங்க் ஏத்துக்காது. ஆனா ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில போட்ட சர்க்குலர் ஒண்ணு இருக்கு. உங்க பக்கமும் பேங்க் பக்கமும் தப்பில்லாம நடுவுல போன பணம்னா, 3 வேலை நாளைக்குள்ள சொல்லிட்டா உங்க பொறுப்பு பூஜ்யம், 4-ல இருந்து 7 வேலை நாளைக்குள்ள சொன்னா சாதாரண சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு அதிகபட்சம் 10,000. உங்க கவனக்குறைவுன்னு வச்சுக்கிட்டாலும் நீங்க பேங்க்குக்குச் சொன்ன நிமிஷத்துக்கு அப்புறம் போன ஒவ்வொரு ரூபாயும் பேங்க் தலையிலதான். அதனால நீங்க கஸ்டமர் கேர்ல பேசுன நேரம், அந்த 1,80,000 எத்தனை துண்டா எந்தெந்த நிமிஷத்துல போச்சு, இதை முதல்ல ஸ்டேட்மென்ட்ல வச்சுப் பாருங்க. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான், நீங்க இல்ல.

பேங்க்குக்கு எழுத்துல புகார் குடுத்து 30 நாள்ல பதில் இல்லன்னாலோ திருப்தி இல்லன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) போகலாம், அதுக்கு ஃபீஸ் கிடையாது. அதுக்கும் மேல பெரும்பாலான பேருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கு. ஐடி சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 46-வது பிரிவுல மாநிலத்தோட ஐடி செயலாளரே தீர்ப்பு அதிகாரி, 5 கோடி வரைக்கும் நஷ்டஈடு கேக்கலாம், எஃப்ஐஆர் இருந்தாத்தான்னு இல்ல. தூத்துக்குடி கிளையில அக்கவுன்ட் வச்சிருந்த, வெளிநாட்டுல வேலை பாத்த ஒருத்தருக்கு 2007-ல ஒரு போலி மெயிலால 6 லட்சத்துக்கு மேல போச்சு, பேங்க் அவர் மேலயே பழியைப் போட்டுச்சு. 2010 ஏப்ரல்ல தமிழ்நாடு ஐடி செயலாளர் அவருக்கு 12.85 லட்சம் குடுங்கன்னு உத்தரவு போட்டாரு, பேங்க் தன் பக்கப் பாதுகாப்பை ஒழுங்கா செய்யலைன்னு. பேங்க் அப்பீல் போய் வருஷக்கணக்குல இழுத்ததும் உண்மை, அதையும் சொல்லிடுறேன். திருடன் கணக்கு ஆரம்பிச்ச பேங்க் அவன் ஆதார் பான் எல்லாம் ஒழுங்கா பாத்துச்சாங்கிற கேள்வியையும் மனுவுல சேருங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: பணம் போன உடனே 1930. மகனுக்குப் போன் போட்டு, மருமகனுக்குப் போன் போட்டு, ஸ்டேஷன் போய் உக்காந்து, அப்புறம் 1930 இல்ல. அந்த ஒரு மணி நேரத்துல காசு அஞ்சு அக்கவுன்ட் தாண்டி ஏடிஎம்ல வெளிய வந்துடும்.

பொள்ளாச்சிங்க அக்கா. 2016-ல இருந்து வீட்லயே பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி செஞ்சு ஒரு பேர்ல வித்துட்டு இருக்கறனுங்க. போன மாசம் ஈரோட்டுல இருந்து ஒரு கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிருக்குது, அந்தப் பேரு அவிங்க 2021-ல பதிஞ்சதாமா, நான் 15 நாளைக்குள்ள நிறுத்தோணுமாமா, 5 லட்சம் கட்டோணுமாமா. என்ர பேஜையும் புகார் பண்ணி எடுத்துட்டாங்க. என்கிட்ட எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) சர்டிபிகேட் இருக்குதுங்க, அது போதாதுங்களா?

அழுதுட்டே வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தீங்க, முதல்ல தண்ணி குடிங்க. வக்கீல் நோட்டீஸ்ங்கிறது கோர்ட் ஆர்டர் இல்ல, எதிர் தரப்போட ஆசைகளை லெட்டர்பேடுல டைப் பண்ணது. 5 லட்சம்னு அவங்க கேட்டா நீங்க கட்டணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா குப்பையில போடாதீங்க, 15 நாளைக்குள்ள பதில் போகணும்.

எஃப்எஸ்எஸ்ஏஐ, ஜிஎஸ்டி, உத்யம் (சிறுதொழில் பதிவு), இது எதுவுமே பேருக்கு உரிமை தராது. இந்தக் குழப்பம் ஊர் பூராவும் இருக்கு. பேருக்கு டிரேட்மார்க் மட்டும்தான். ஆனா 1999 டிரேட்மார்க் சட்டம் 34-வது பிரிவு உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே இருக்கு. அவங்க அந்தப் பேரை உபயோகிக்க ஆரம்பிச்ச தேதி, பதிஞ்ச தேதி, இதுல எது முந்தியோ அதுக்கும் முன்னாடி இருந்தே நீங்க விடாம உபயோகிச்சிட்டு வந்தா, பதிஞ்சவராலயும் உங்களை நிறுத்த முடியாது. அப்ப 2016-ஐ நிரூபிக்கிறதுதான் வேலையே, அங்க உங்க எஃப்எஸ்எஸ்ஏஐ சர்டிபிகேட் உதவும், அதுல அந்தப் பேர் இருந்தா. அப்புறம் லேபிள் அடிச்ச பிரஸ் பில், கூரியர் ரசீது, பழைய ஃபேஸ்புக் போஸ்ட், கஸ்டமர் “அக்கா அரைக் கிலோ அனுப்புங்க”ன்னு கேட்ட மெசேஜ், கோயில் கண்காட்சியில ஸ்டால் போட்ட போட்டோ, எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்குங்க. ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துட்டு ஒரிஜினலை அழிச்சுடாதீங்க, அந்த பழைய போன் டிராயர்ல கிடந்தா வித்துடாதீங்க.

ஈரோட்டுக்காரங்க 2010-ல இருந்தே வித்துட்டு 2021-ல பதிஞ்சிருந்தா கதை மாறும், அதனால டிரேட்மார்க் ரிஜிஸ்ட்ரி வெப்சைட்ல அவங்க மனுவைத் தேடி “எப்ப இருந்து உபயோகம்”னு என்ன போட்டிருக்காங்கன்னு பாருங்க, அது எல்லாரும் பாக்கலாம். உங்க பக்கம் பலமா இருந்தா அவங்க பதிவையே ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம், கிண்டியில இருக்கிற ரிஜிஸ்ட்ரியிலயோ உயர் நீதிமன்றத்துலயோ. தெரிஞ்சும் 5 வருஷம் சும்மா இருந்தா அந்த வாய்ப்பு போயிடும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. பேஜ் எடுத்ததுக்கும் இதே காகிதங்களை வச்சு அந்த தளத்துலயே அப்பீல் போடுங்க.

நீங்க அன்னைக்கே பதிஞ்சிருந்தா? தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைன்ல ஒரு வகைக்கு இப்ப 4,500 ரூபாய், 10 வருஷத்துக்கு. பொடி, மசாலா எல்லாம் 30-வது வகையில வரும். டிஎம்னு பக்கத்துல போட்டுக்கிறதுக்கு யாரும் தடை சொல்ல முடியாது, ஆனா பதிவு வராம வட்டத்துக்குள்ள ஆர் போட்டா அதுவே சட்டத்துக்கு விரோதம், பாக்கெட் டிசைன் பண்ற பசங்க அழகுக்காக போட்டு வச்சுடுறாங்க, இன்னைக்கே உங்க பாக்கெட்டைப் பாருங்க.

அக்கா, எங்க கல்யாண போட்டோவை ஸ்டுடியோக்காரர் எங்களைக் கேக்காமலே அவர் பேஜ்ல விளம்பரமா ஓட்டுறாரு. எடுக்கச் சொன்னா “போட்டோ எடுத்தது நான், காப்பிரைட் எனக்குத்தான்”ங்கிறாரு. ரா ஃபைலும் (எடிட் பண்ணாத ஒரிஜினல்) தரமாட்டேங்கிறாரு. (மதுரை)

அவர் சொல்றது பொதுவா சரி, உங்க விஷயத்துல தப்பு. 1957 காப்பிரைட் சட்டம் 17-வது பிரிவு, ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர்னு சொல்லுது. அதனால விளம்பரத்துக்கு உங்க சம்மதம் வேணும். (எடுக்கச் சொன்னது மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடாங்கிறதை நீங்களே பேசி முடிச்சுக்கோங்க, நான் அதுக்குள்ள வரல.) ஆனா அட்வான்ஸ் குடுத்தப்ப ஒரு கொட்டேஷன்ல கையெழுத்து போட்டிருப்பீங்க பாருங்க, அதோட அடியில எறும்பு சைஸ் எழுத்துல “விளம்பரத்துக்கு உபயோகிக்கலாம்”னு இருந்தா அந்த “வேற ஒப்பந்தம்” அதுதான். அதைத் தேடி எடுத்துட்டு அடுத்த அடி வைங்க.

ரா ஃபைல் வேற பிரச்சனை. காப்பிரைட் உங்களுதா இருக்கிறதால மட்டும் ஹார்ட் டிஸ்க் கைக்கு வராது, பேசுன பேக்கேஜ்ல அது இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி. வாட்ஸ்அப்ல “ரா சேத்துத் தரேன்ணே”ன்னு ஒரு வரி இருந்தாக்கூட போதும், நுகர்வோர் ஆணையத்துல போடலாம், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் மனுவுக்கு ஃபீஸ் இல்ல.

மண்டபம் வச்சிருக்கேன், தஞ்சாவூர் பக்கம். கல்யாணத்துல பாட்டு போட்டா லைசென்ஸ் எடுக்கணும்னு லெட்டர் வருது. கட்டணுமா?

கல்யாணத்துக்கு வேண்டாம். காப்பிரைட் சட்டம் 52-வது பிரிவுல கல்யாண ஊர்வலமும் கல்யாணம் சம்பந்தப்பட்ட கொண்டாட்டமும் விலக்குன்னு தெளிவா இருக்கு, 2023 ஜூலை 24-ல மத்திய அரசும் அதையே பொது அறிவிப்பா போட்டுச்சு, பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல ஒட்டி வைங்க. அதே மண்டபத்துல நியூ இயர் பார்ட்டிக்கு டிக்கெட் வித்தா அது வேற, அதுக்கு லைசென்ஸ் வேணும். கல்யாண வீடியோவுல சினிமா பாட்டைச் சேத்து யூடியூப்ல போடறதுக்கும் இந்த விலக்கு வராது.

பேர் வேண்டாம். லோன் ஆப்ல 6,000 வாங்குனேன், கட்டியும் முடிச்சுட்டேன். இன்னும் 15,000 கேக்குறாங்க. என் முகத்தை வேற ஒரு படத்துல ஒட்டி காலேஜ் குரூப்புக்கு அனுப்பிடுவேன்னு மிரட்டுறாங்க. வீட்ல தெரிஞ்சா செத்தேன்.

தங்கச்சி, இனிமே ஒரு ரூபாய் அனுப்பாத. குடுக்கக் குடுக்க கூடும், நிக்கவே நிக்காது. இது கடன் பாக்கி இல்ல, மிரட்டிப் பணம் பறிக்கிற குற்றம், ஒட்டுன படத்தை அனுப்புனா அதுக்கு ஐடி சட்டத்துல தனியா தண்டனை. ஒழுங்கான லோன் ஆப் உன் காண்டாக்ட் லிஸ்ட்டையே தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லயே சொல்லியாச்சு, உன்கிட்ட தொட்டிருக்குன்னா அது திருட்டு ஆப்.

மெசேஜ் எதையும் அழிக்காத. நம்பர், நேரம், அவங்க குடுத்த யுபிஐ ஐடி எல்லாம் தெரியுற மாதிரி எடுத்து வை. 1930, இல்லன்னா சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன், அதுல பெண்கள் சம்பந்தப்பட்ட பிரிவுல பேர் சொல்லாமலும் புகார் குடுக்கலாம். ஆனா ஆளைப் புடிக்கணும்னா பேரோட குடுக்கிறதுதான் நல்லது. படம் எங்கயாச்சும் ஏறிட்டா அந்த தளத்தோட குறைதீர் அதிகாரிக்குப் புகார் போடு, ஒட்டுன படம்னு சம்பந்தப்பட்டவங்களே சொன்னா 24 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு 2021 விதி சொல்லுச்சு, 2026 பிப்ரவரியில அதை 2 மணி நேரமா குறைச்சுட்டாங்க. ஸ்டாப்என்சிஐஐ-ன்னு ஒரு தளம் இருக்கு, படத்தை அங்க ஏத்த வேண்டாம், அதோட அடையாளக் குறியீடு மட்டும் உன் போன்லயே உருவாகிப் போகும், சேந்திருக்கிற தளங்கள்ல அந்தப் படம் ஏறாம தடுக்க உதவும்.

ஸ்டேட்டஸ்ல ஒரு வரி போடு, “என் பேர்ல போலி படம் வரலாம், போலீஸ்ல புகார் குடுத்தாச்சு”ன்னு. அவங்க கையில இருக்கிற ஒரே ஆயுதம் உன் பயம், அதை நீயே முந்திக்கிட்டு உடைச்சுட்டா அவங்களுக்குப் பெருசா வேலை இல்ல. வீட்ல அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லு. திட்டு விழும், வாங்கிக்கோ. தனியா இருக்க முடியலைன்னு தோணுச்சுன்னா 104-க்கு கூப்டு, எந்த நேரமும் பேசுவாங்க.

ஆரி ஒர்க் பிளவுஸ் டிசைன் பண்றேன். இன்ஸ்டால போட்ட டிசைனை அப்படியே பெரிய கடை காப்பி அடிச்சு நூத்துக்கணக்குல விக்குது. கேஸ் போடலாமா? (திருப்பூர்)

கஷ்டம். மெஷின்ல நிறைய அடிக்கிற டிசைனுக்கு 2000-ம் வருஷ டிசைன் சட்டத்துல பதியணும், ஆனா பதியறதுக்கு முந்தியே இன்ஸ்டால போட்டுட்டா அது “புதுசு” இல்லன்னு ஆயிடும். காகிதத்துல வரைஞ்ச படத்துக்கு காப்பிரைட் தானா வரும், ஆனா அதே டிசைனை பதியாம 50 பீஸுக்கு மேல மெஷின்ல போட்டா அந்த உரிமையும் போயிடும்னு காப்பிரைட் சட்டம் 15-வது பிரிவு சொல்லுது. நீங்க கையால ஒண்ணு ரெண்டுதான் போட்டிருக்கீங்கன்னா வாதாட இடம் இருக்கு. அவங்க உங்க போட்டோவையே எடுத்துப் போட்டிருந்தா அதுக்கு இன்னைக்கே புகார் குடுங்க, அது சுலபம். அடுத்த தீபாவளி கலெக்‌ஷனை மனு போட்டுட்டு அப்புறமா போஸ்ட் பண்ணுங்க.

அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் அட்மின் நான். ஒருத்தர் கண்டதையும் ஃபார்வர்டு பண்றாரு. என்னைப் புடிப்பாங்களா?

வெறும் அட்மினா இருந்ததுக்காக இல்ல. 2021 டிசம்பர்ல மதுரை கிளையே சொல்லிருக்கு, அட்மின் வேலை மட்டும்தான் பாத்தாருன்னா அவர் பேரை சேக்கக்கூடாதுன்னு. ஆனா அதுக்கு நீங்க ஒரு ஹார்ட் போட்டுட்டா உங்க பாடு. அவரை எடுத்துடுங்க, மெயின்டனன்ஸ் பாக்கி இருந்தா அதை முதல்ல வசூல் பண்ணிட்டு.

டிடிபி சென்டர். கிராக் சாஃப்ட்வேர்தான் ஓடுது, ஊர்ல எல்லாரும் அப்படித்தான். பிரச்சனை வருமா?

வரும். காப்பிரைட் சட்டம் 63பி பிரிவு, தெரிஞ்சே உபயோகிச்சா குறைஞ்சது 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். எல்லாரும் செய்றாங்கங்கிறது கோர்ட்ல எடுபடாது. இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ரெண்டும் இலவசம், கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் பேனருக்கும் தாராளமா போதும். பழக ஒரு வாரம் கையைக் கடிக்கும்.